தமிழ்நாட்டுக் கட்சி அரசியலில் பெண்கள்

தமிழ்நாட்டுக் கட்சி அரசியலில் பெண்கள் என்னும் இக்கட்டுரை, மாநில, தேசியக் கட்சிகளில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஆற்றிய பங்கையும், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அவர்கள் பெற்ற இடங்களையும், அந்த இடங்கள் குறைவாக இருப்பதற்கான காரணங்களையும் விளக்குகிறது. எடுத்துக்காட்டாகச் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியதில் இந்தியாவுக்கே முன்னோடி சென்னை மாகாணம். நாட்டின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரும் இங்கிருந்துதான் வந்தார். இரண்டு பெண் முதலமைச்சர்களை இம்மாநிலம் கண்டுள்ளது. வாக்காளர் பட்டியலிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆயினும் 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் 12 இடங்களில் மட்டுமே பெண்கள் வென்றனர். அதே மாநிலத்தில் உள்ளாட்சி அமைப்புகளின் இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை. ஒரே மாநிலம், ஒரே வாக்காளர்கள், ஆனால் இவ்வளவு பெரிய வேறுபாடு. உள்ளாட்சியில் பெண்ணை நிறுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அந்த முடிவு கட்சியின் கையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே இப்பொருளைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

வாக்குரிமைப் போராட்டம்

1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் இதன் முன்னணியில் இருந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு அவரைச் சந்தித்து, ஆண்களுக்கு வழங்கப்படும் வாக்குரிமை பெண்களுக்கும் வேண்டும் என்று கேட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நேரடியாக முடிவெடுக்காமல், அந்தந்த மாகாணச் சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண் என்பதற்காக வாக்குரிமை மறுக்கக்கூடாது என்று தீர்மானித்தது. இம்முடிவை எடுத்த முதல் மாகாணம் சென்னை.

அக்காலத்தில் வாக்களிக்கச் சொத்துத் தகுதி வேண்டும். பெண்கள் பெயரில் சொத்து இருப்பது அரிது. எனவே உரிமை கிடைத்தும் உண்மையில் வாக்களிக்க முடிந்த பெண்கள் மிகச் சிலரே.

1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மங்களூர்ப் பகுதியில் போட்டியிட்டுச் சொற்ப வாக்குகளில் தோற்றார். அதனைத் தொடர்ந்து மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிப்பதற்கான மசோதாவைக் கொண்டுவந்தவர் இவரே. 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காங்கிரசு இயக்கத்தில் பெண்கள்

பெண்கள் கட்சிக்குள் திரளாக வந்தது விடுதலைப் போராட்டத்தின்போதுதான். கடலூர் அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில் நடந்த நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். எழுத்தாளர் வை. மு. கோதைநாயகி அம்மாள், எஸ். அம்புஜம்மாள் ஆகியோரும் மறியல் செய்து சிறைப்பட்டனர். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்ற ருக்மிணி லட்சுமிபதி, உப்புப் போராட்டத்தில் சிறைசென்ற முதல் பெண் எனக் குறிப்பிடப்படுகிறார்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கெனச் சில தொகுதிகளை ஒதுக்கியது. அன்றைய மகளிர் அமைப்புகள் பல இதை எதிர்த்தன என்பது இன்றைய மாணவருக்கு வியப்பாக இருக்கலாம். தனி இடம் வேண்டாம், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்தால் போதும், சமமாகப் போட்டியிட்டு வெல்வோம் என்று அவை வாதிட்டன. 1937 தேர்தலில் ருக்மிணி லட்சுமிபதியும் அஞ்சலையம்மாளும் வென்றனர். ருக்மிணி சட்டமன்றத் துணைத் தலைவரானார். 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத் துறையை ஏற்று, சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் ஆனார். சென்னை எழும்பூரில் உள்ள ருக்மிணி லட்சுமிபதி சாலை இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இந்திய அரசியலமைப்பை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், துர்காபாய் ஆகிய மூவர் சென்னை மாகாணத்தின் சார்பில் சென்றவர்கள். புதிய அரசியலமைப்பு வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. பெண்களுக்கான தனித் தொகுதிகள் கைவிடப்பட்டன. சம உரிமை கிடைத்தால் சம இடம் தானாக வரும் என்பது அன்றைய நம்பிக்கை.

சுயமரியாதை இயக்கமும் திராவிடக் கட்சிகளும்

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து வந்த படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இடம்பெற்றார். அந்த ஆண்டு நவம்பரில் அவரும் டாக்டர் தருமாம்பாளும் பிற பெண்களும் மறியல் செய்து சிறை சென்றனர். கைக்குழந்தையோடு சிறை புகுந்தவர்களும் உண்டு. ஈ. வெ. இராமசாமிக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை வழங்கியதும் 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடே.

1949இல் தி.மு.க. தோன்றியபோது இராமாமிர்தம் அம்மையார் அக்கட்சியில் சேர்ந்தார். அதன் தொடக்ககால உறுப்பினரான சத்தியவாணி முத்து பெரம்பூரில் 1957இல் வென்று, 1967இல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சரானார். ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்குக் கட்சியில் உரிய இடம் இல்லை என்று கூறி 1974இல் விலகித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். பின்னர் அது அ.தி.மு.க.வில் இணைந்தது. 1979இல் சரண்சிங் அமைச்சரவையில் அவர் மத்திய அமைச்சரானார். திராவிடக் கட்சியிலிருந்து மத்திய அமைச்சரவைக்குச் சென்ற முதல் இருவரில் அவரும் ஒருவர்.

இடதுசாரி இயக்கத்தில் கே. பி. ஜானகியம்மாள் 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் வென்றார். பாப்பா உமாநாத் 1989இல் திருவெறும்பூரில் வென்றார். 1981இல் சென்னையில் உருவான அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். க. பாலபாரதி திண்டுக்கல் தொகுதியில் 2001, 2006, 2011 என மூன்று முறை தொடர்ந்து வென்றார்.

விடுதலைக்குப் பின் நாடாளுமன்றமும் அமைச்சரவையும்

1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அம்மு சுவாமிநாதன் திண்டுக்கல்லிலிருந்தும், மரகதம் சந்திரசேகர் திருவள்ளூரிலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மரகதம் சந்திரசேகர் நேரு அமைச்சரவையில் சுகாதாரத் துணை அமைச்சராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் திருப்பெரும்புதூர் தொகுதியில் வென்றார். 1991 மே 21 அன்று இராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்டது மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்க வந்த கூட்டத்தில்தான்.

காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, 1962இல் திண்டுக்கல்லில் வென்று மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். மாநிலத்தில் ஜோதி வெங்கடாசலம் 1953இல் இராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். லூர்தம்மாள் சைமன் 1957 முதல் 1962 வரை காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சி, மீன்வளத் துறைகளைக் கவனித்தார். ஒரு அமைச்சரவைக்கு ஒரு பெண் என்னும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். 2021இல் அமைந்த அமைச்சரவையிலும் கீதா ஜீவன், கயல்விழி செல்வராஜ் என இருவரே பெண்கள்.

பெண் முதலமைச்சர்கள்

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அவருடைய மனைவி வி. என். ஜானகி 1988 சனவரியில் முதலமைச்சரானார். தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் அவரே. அவ்வாட்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

ஜெ. ஜெயலலிதா 1983இல் அ.தி.மு.க.வின் கொள்கை பரப்புச் செயலாளர் ஆனார். 1984இல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். 1989இல் போடிநாயக்கனூரில் வென்று தமிழ்நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். 1991இல் முதலமைச்சரானார். 1992இல் தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தொடங்கப்பட்டதும், தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் இவருடைய ஆட்சியில்தான். தேசிய அரசியலிலும் இவரது முடிவுகளுக்கு வலு இருந்தது. 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதை அடுத்து வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. 39இல் 37 இடங்களை வென்றது.

தலைமையில் பெண் இருப்பதனால் மட்டும் கட்சியில் பெண்களின் எண்ணிக்கை கூடிவிடுவதில்லை. 1991 தேர்தலில் 32 பெண்கள் சட்டமன்றத்துக்குச் சென்றனர். அதே தலைவர் மீண்டும் ஆட்சியைப் பிடித்த 2011 தேர்தலில் வென்ற பெண்கள் 17 பேர் மட்டுமே.

எண்ணிக்கையில் பெண்கள்

தமிழ்நாடு சட்டமன்றத்தின் மொத்த இடங்கள் 234. பொதுத்தேர்தலில் வென்ற பெண்கள்:

1991: 32 பேர் (நூற்றுக்குச் சுமார் 14)
2011: 17 பேர் (நூற்றுக்குச் சுமார் 7)
2016: 21 பேர் (நூற்றுக்கு 9)
2021: 12 பேர் (நூற்றுக்குச் சுமார் 5)

2021இல் வென்ற 12 பேரில் 6 பேர் தி.மு.க., 3 பேர் அ.தி.மு.க., 2 பேர் பா.ஜ.க., ஒருவர் காங்கிரசு.

மக்களவையில் தமிழ்நாட்டின் இடங்கள் 39. 2019இல் கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ஜோதிமணி என மூவர் வென்றனர். 2024இல் இவர்களோடு சுதா, ராணி ஸ்ரீகுமார் ஆகியோரும் வென்று ஐவராயினர். நாடு முழுவதும் 2024இல் மக்களவைக்குச் சென்ற பெண்கள் 74 பேர். மொத்தம் 543 இடங்கள்.

இவ்வெண்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணிக்கை படிப்படியாக ஏறவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது. பெண் கல்வி இந்த முப்பது ஆண்டுகளில் தொடர்ந்து வளர்ந்துள்ளது. வாக்களிக்கும் பெண்களும் பெருகியுள்ளனர். ஆனால் சட்டமன்றத்தில் பெண்களின் எண்ணிக்கை அதனோடு சேர்ந்து வளரவில்லை. எனவே படிப்பும் விழிப்புணர்வும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் விளக்கம் போதாது.

வேட்பாளர் எவ்வாறு தேர்வு செய்யப்படுகிறார்?

ஒரு பெண் சட்டமன்ற உறுப்பினராக வேண்டுமானால் முதலில் கட்சியின் வேட்பாளராக வேண்டும். அதற்கான படிகள் பின்வருமாறு.

முதலாவது, கட்சியில் அடித்தளப் பணி. கிளை, வட்டம், பகுதி, ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று கட்சி அமைப்பு அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு செயலாளர். இவர்களில் மாவட்டச் செயலாளரின் சொல்லுக்கு வேட்பாளர் தேர்வில் மதிப்பு அதிகம். இப்பொறுப்பில் பெண்கள் மிக அரிது. தூத்துக்குடியில் தி.மு.க. மாவட்டச் செயலாளராக உள்ள கீதா ஜீவன் போன்றோர் விதிவிலக்குகள்.

இரண்டாவது, விருப்ப மனு. தேர்தல் நெருங்கும்போது போட்டியிட விரும்புவோர் கட்டணம் செலுத்தித் தலைமை அலுவலகத்தில் மனுக் கொடுப்பர். பின்னர் நேர்காணல் நடக்கும். செலவுக்கு வழி உண்டா, தொகுதியில் செல்வாக்கு எப்படி, எந்தச் சமூகத்தினர் அதிகம் என்றெல்லாம் பார்க்கப்படும்.

மூன்றாவது, தொகுதிப் பங்கீடு. கூட்டணிக் கட்சிகளுக்கு இடங்களைப் பிரித்துக் கொடுத்தபின் எஞ்சும் இடங்களுக்குள் போட்டி கடுமையாகிறது. ஐந்தாறு இடம் மட்டும் பெறும் சிறிய கட்சியில் பெண்ணுக்கு ஓர் இடம் கிடைப்பது அதனினும் கடினம்.

நான்காவது, கட்சித் தலைமையின் ஒப்புதல். பி படிவத்தில் யார் பெயர் எழுதப்படுகிறதோ அவருக்கே கட்சியின் சின்னம். இத்தனை பெண்களை நிறுத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் எந்தக் கட்சிக்கும் கட்டளையிடவில்லை.

இப்படிகளில் பெண்கள் பின்தங்குவதற்குக் காரணங்கள் பல. முதன்மையானது பணம். சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 10,000 ரூபாய்தான். ஆனால் சட்டப்படியான செலவு வரம்பே 2022 முதல் 40 இலட்சம் ரூபாய். சொந்தப் பெயரில் சொத்தோ தொழிலோ இல்லாத பெண்ணால் இதை நினைத்துப் பார்க்க முடியாது. அடுத்தது நேரம். கட்சிக் கூட்டங்கள் இரவில் நடக்கும். வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளைக் கவனித்த பிறகு இரவு பத்து மணிக் கூட்டத்துக்குப் பெண் போவதற்கு வீட்டின் ஆதரவு வேண்டும். மூன்றாவது அவதூறு. அரசியலில் ஆணைத் தாக்குபவர் அவருடைய கொள்கையைத் தாக்குவார். பெண்ணைத் தாக்கும்போது ஒழுக்கத்தைத் தாக்குவது வழக்கமாக உள்ளது.

பெரும்பாலான கட்சிகளில் பெண்களுக்கெனத் தனி மகளிர் அணி உண்டு. காங்கிரசில் அது மகிளா காங்கிரசு. வாக்குச் சேகரிப்பிலும் ஆர்ப்பாட்டத்திலும் முன்வரிசையில் நிற்பது இந்த அணிகளே. பல ஆண்டுகள் உழைத்தும் மகளிர் அணிப் பொறுப்பிலிருந்து கட்சியின் பொதுப் பொறுப்புக்கு மாற முடியாமல் நின்றுவிடுவோர் பலர். மகளிர் அணி உள்ளே வரும் வாசலாகவும் இருக்கிறது, வெளியே போக முடியாத அறையாகவும் ஆகிவிடுகிறது.

வேட்பாளராக நிறுத்துவது மட்டும் போதுமா என்பதும் கேள்விதான். 2021இல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் 117 பெண்களை நிறுத்தியது. அத்தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர் ஒருவரும் வெல்லவில்லை. வெல்லக்கூடிய கட்சிகள் வெல்லக்கூடிய தொகுதிகளில் பெண்களை நிறுத்தினால்தான் சட்டமன்றத்தில் மாற்றம் தெரியும். 2021இல் மொடக்குறிச்சியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனும் பா.ஜ.க.வின் சரஸ்வதியும் போட்டியிட்டனர். சரஸ்வதி வென்றார். இரண்டு கூட்டணிகளும் பெண்ணையே நிறுத்தியதால் முடிவு எதுவாயினும் அத்தொகுதிக்கு ஒரு பெண் உறுப்பினர் உறுதியானார்.

உள்ளாட்சியில் இட ஒதுக்கீடு

1992இல் நிறைவேறிய 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சி, நகராட்சி அமைப்புகளில் பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கின. தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தல் இம்முறையில் நடந்தது. 2016இல் தமிழ்நாடு அரசு இதை 50 விழுக்காடாக உயர்த்தியது. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன.

1996இல் மதுரை மாநகராட்சிக்குத் தேர்வான மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதி, வில்லாபுரம் பகுதி மக்களின் குடிநீருக்காகப் போராடியவர். 1997 ஏப்ரல் 23 அன்று அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஒதுக்கீட்டில் வந்த பெண் வெறும் பெயருக்கு இருப்பார் என்று எண்ணியவர்களுக்கு, அவர் வேலை செய்யத் தொடங்கினால் எவ்வளவு பெரிய நலன்களோடு மோத வேண்டியிருக்கும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

பெண் தலைவர் வந்தால் நிர்வாகத்தில் வேறுபாடு உண்டா என்பதை இராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் தூஃப்லோ என்னும் இரு பொருளியலாளர்கள் மேற்கு வங்கத்தின் பீர்பூம், இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டங்களில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிகம் செலவிடப்பட்டதை அவர்கள் கண்டனர். தண்ணீர் சுமப்பவர் யாரோ அவருக்கே அதன் அருமை தெரியும் என்பதை இதனால் உணரலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. பெண் பெயரில் கணவரோ மகனோ தந்தையோ பதவியை நடத்துவது இன்றும் பல ஊர்களில் உண்டு. தலைவர் நாற்காலியில் கணவர் அமர்ந்து, கையெழுத்துக்கு மட்டும் கோப்பு வீட்டுக்குப் போகும் நிலையை மறுக்க முடியாது. ஆயினும் முதல் முறை கையெழுத்து மட்டும் போட்டவர் இரண்டாம் முறை கேள்வி கேட்பவராக மாறுவதும் நடக்கிறது. ஒரு தேர்தல் காலத்துக்குள் ஒரு பழக்கத்தை மாற்றிவிட முடியாது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி

மேலே சொன்ன இரு நிலைகளையும் ஒரே இடத்தில் காண மேற்குப் புறநகர் ஏற்றது. ஆவடி தேசியக் கட்சி வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1955 சனவரியில் அகில இந்தியக் காங்கிரசு மாநாடு இங்குக் கூடி, சோசலிசப் பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றது. அப்போது திருவள்ளூர் மக்களவை உறுப்பினர் ஒரு பெண், மரகதம் சந்திரசேகர்.

பின்னர் இப்பகுதி தொழில்பகுதியாக வளர்ந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடை தொழிற்சாலையும் வந்தன. அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை உருவானது. தையல் நிறுவனங்களிலும் பிற ஆலைகளிலும் வேலை செய்யும் பெண்கள் இங்கு ஏராளம். ஷிப்டு முடிந்து பேருந்தில் வீடு திரும்பும் இப்பெண்கள் வாக்களிப்பதில் குறை வைப்பதில்லை.

2008 தொகுதி மறுவரையறைக்குப் பின் அம்பத்தூர் திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதியிலும், ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியிலும் அமைந்தன. 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சேர்த்து ஒன்பது வெற்றிகள். ஒன்பதிலும் வென்றவர்கள் ஆண்கள். 2009 முதல் 2024 வரையிலான நான்கு மக்களவைத் தேர்தல்களிலும் திருவள்ளூர், திருப்பெரும்புதூர் இரண்டிலும் ஆண்களே வென்றனர். முதல் பொதுத்தேர்தலில் திருவள்ளூரிலும், 1984 முதல் 1991 வரை திருப்பெரும்புதூரிலும் ஒரு பெண் வென்றதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இவ்வட்டாரத்து வாக்காளர் பெண்ணுக்கு வாக்களிக்கத் தயங்கியவர் அல்லர்.

உள்ளாட்சியில் நிலை வேறு. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2022இல் சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு ஆர். பிரியா மேயரானார். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் சென்னைக்கு வந்த மூன்றாவது பெண் மேயர் அவர். ஆவடி 2019இல் மாநகராட்சியானது. அதன் மேயர் பதவி 2022இல் பட்டியலினத்தவருக்குப் பொதுவாக ஒதுக்கப்பட்டது, ஓர் ஆண் மேயரானார். ஆனால் ஆவடி மாநகராட்சியிலும் பூவிருந்தவல்லி நகராட்சியிலும் வார்டுகளில் பாதி பெண்களுக்கு உரியவை.

அதாவது சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குடிநீர் பற்றிப் பேச இங்குள்ள பெண் ஒரு பெண் கவுன்சிலரிடம் போகலாம். சட்டம் இயற்றும் அவையில் தன் தொகுதிக்காகப் பேசும் பெண்ணை அவர் பார்த்ததில்லை. கவுன்சிலராகத் திறமை காட்டிய பெண்ணைச் சட்டமன்றத்துக்கு உயர்த்தும் பாலத்தைக் கட்சிகள் இன்னும் கட்டவில்லை.

106ஆம் அரசியலமைப்புத் திருத்தம்

சட்டமன்றத்திலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் மசோதா முதன்முதலில் 1996 செப்டம்பரில் தேவகவுடா ஆட்சியில் கொண்டுவரப்பட்டது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக்குழு அதனை ஆராய்ந்தது. அதன்பின் பலமுறை முயன்றும் நிறைவேறவில்லை. 2010 மார்ச்சில் மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதா மக்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே காலாவதியானது. 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவை 454க்கு 2 என்ற வாக்குகளிலும், மறுநாள் மாநிலங்களவை எதிர்ப்பின்றியும் புதிய மசோதாவை நிறைவேற்றின. இதுவே 106ஆம் திருத்தம்.

இதன் முக்கியக் கூறுகள்:

மக்களவை, மாநிலச் சட்டமன்றங்கள், தில்லிச் சட்டமன்றம் ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு.
பட்டியலினத்தவர், பழங்குடியினர் தொகுதிகளுக்குள்ளும் அதே அளவு ஒதுக்கீடு.
மாநிலங்களவைக்கும் சட்ட மேலவைகளுக்கும் பொருந்தாது.
சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடுத்து நடக்கும் தொகுதி மறுவரையறைக்குப் பின்னரே ஒதுக்கீடு தொடங்கும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.
ஒதுக்கீடு 15 ஆண்டுகளுக்கு. நாடாளுமன்றம் அதை நீட்டிக்கலாம்.

இன்றைய இடங்களின் கணக்கில் 234இல் மூன்றில் ஒரு பங்கு 78. மக்களவையின் 39இல் 13. 2021இல் வென்ற 12 பேரோடு 78ஐ ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு புரியும். இத்தனை பெண் வேட்பாளர்களுக்குக் கட்சிகள் எங்கே போகும்? இன்று கவுன்சிலராகவும் ஊராட்சித் தலைவராகவும் பழகியவர்களை வளர்த்தால் ஆள் பஞ்சம் இராது. வளர்க்காவிட்டால் தலைவர்களின் மனைவியரும் மகள்களும் அந்த இடங்களை நிரப்புவர். இதனை முடிவு செய்யப்போவதும் கட்சிகள்தாம்.

பிற நாடுகளில்

நியூசிலாந்து 1893இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. ருவாண்டா 2003 அரசியலமைப்பின்படி குறைந்தது 30 விழுக்காடு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. இன்று அந்நாட்டின் கீழவையில் பெண்களே பெரும்பான்மை. இலங்கை 1931இலேயே வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்றார். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். ஆயினும் 2024 தேர்தலுக்குப் பின்னும் அந்நாட்டின் 225 உறுப்பினர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அத்தேர்தலில் அம்பிகா சாமுவேல், கிருஷ்ணன் கலைச்செல்வி ஆகிய மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்வானது குறிப்பிடத்தக்கது. உச்சியில் ஒரு பெண் அமர்வதும், அவையில் பெண்கள் நிறைவதும் வெவ்வேறு செய்திகள் என்பதற்குத் தமிழ்நாட்டைப் போலவே இலங்கையும் சான்று.

மாணவர் செய்து பார்க்க

ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தலில் நிற்க 21 வயதும், சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயதும், மாநிலங்களவைக்கு 30 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். பாலினம் ஒரு தகுதியோ தடையோ அன்று.

உங்கள் வார்டு கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர், மக்களவை உறுப்பினர் ஆகிய மூவரின் பெயர்களையும் எழுதுங்கள். உங்கள் தொகுதியில் கடந்த மூன்று தேர்தல்களில் போட்டியிட்ட வேட்பாளர் பட்டியலைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எடுத்து, முதல் இரண்டு இடம் பெற்றவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பெண்கள் நின்று தோற்றார்களா, அல்லது நிறுத்தப்படவே இல்லையா என்பதை அந்தப் பட்டியல் உங்களுக்குச் சொல்லும். அம்பத்தூரோ ஆவடியோ வேறு ஊரோ, விடையைக் கண்டபின் அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் கட்சியினரிடம் கேட்க உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும்.